தெரு யாருடையது?

(மணவூரில் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் தெரு என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்கு ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். "சாமியைப் பற்றிப் பேசுவார்கள், சாஸ்திரத்தைப் பற்றிப் பேசுவார்கள், புராணத்தைக் கிழித்துக் காட்டுவார்கள் என்று வந்தால், நடைபாதையைப் பற்றியும் சைக்கிளைப் பற்றியுமா பேசுவது? இது பஞ்சாயத்து மீட்டிங்கா, சுயமரியாதைக் கூட்டமா?" என்று கேட்கலாம். தோழர்களே! இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஏனென்றால் சுயமரியாதை என்பதே இந்த நாட்டில் தெருவில்தான் ஆரம்பமாயிற்று.

1924-ம் வருஷம் மார்ச்சு மாதம் 30-ந் தேதி வைக்கத்தில் ஆரம்பித்த சத்தியாக்கிரகம் எதற்காக? கோயிலுக்குள் நுழைவதற்காகவா? அல்ல. கோயிலைச் சுற்றியிருந்த ரோட்டில் நடப்பதற்காக. மாடு போகலாம், நாய் போகலாம், ஈழவனும் புலையனும் போகக்கூடாது என்று தடுத்துவைத்திருந்த ரோட்டில் மனிதன் மனிதனாக நடந்து போவதற்காக. அதற்காகத்தான் பெரியார் ஈ.வெ.ரா. அவர்கள் இரண்டு தடவை சிறைக்குப் போனார். அதே 1924-ம் வருஷத்தில் சென்னைச் சட்டசபையில் திவான்பகதூர் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானம் என்ன? பொது ரோடு, பொதுக் கிணறு, பொதுக் கட்டிடம் ஆகியவைகளில் ஆதிதிராவிடர் போவதற்கும் உபயோகிப்பதற்கும் தடையிருக்கக்கூடாது என்பதுதான். மனிதன் ரோட்டில் நடக்கலாம் என்பதற்கு ஒரு சட்டசபையில் தீர்மானம் போட வேண்டியிருந்த நாடு உலகத்தில் வேறு எங்கேயாவது இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் தொல்லை ஒழிந்துவிடவில்லை. எத்தனையோ கிராமங்களில் சேரியிலிருந்து வருகிறவன் ஊர்த் தெருவுக்குள் நுழையும்போது சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்றும், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் வைத்திருந்தார்கள். சைக்கிள் என்ன பாவம் செய்தது? அதில் ஏறி உட்கார்ந்தவனுடைய தலை, திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவனுடைய தலைக்கு மேலே ஒரு முழம் உயர்ந்துவிடுகிறது! அவ்வளவுதான் குற்றம். ஆகவே தெரு, நடை, சைக்கிள் என்பவையெல்லாம் நமக்குப் புது விஷயமல்ல. நமது இயக்கத்தின் மூல விஷயங்களே அவைதான்.

நிற்க, இன்று என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இன்று எந்தச் சட்டமும் உங்களை ரோட்டில் நடக்காதே என்று சொல்வதில்லை. ஆனால் ரோட்டைப் போடுகிறவர்கள், நடக்க முடியாத மாதிரியில் போட்டுவிடுகிறார்கள். முன்பு சாதியின் பேரால் வழி மறித்தார்கள். இப்பொழுது வேகத்தின் பேரால் மறிக்கிறார்கள். முன்பு "நீ தீண்டத்தகாதவன், விலகிப் போ" என்றார்கள். இப்பொழுது ஹாரன் அடித்து "விலகிப் போ" என்கிறார்கள். முன்பு விலகாதவனுக்கு அடி விழுந்தது. இப்பொழுது விலகாதவன் பிணமாகிறான். வித்தியாசம் இவ்வளவுதான்.

இது நம் நாட்டில் மாத்திரம் உள்ள புத்தி என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் 1920-க்குப் பிறகு மோட்டார் பெருகி, தெருவில் குழந்தைகளும் கிழவர்களும் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, ஜனங்கள் மோட்டாரின் மேல்தான் கோபப்பட்டார்கள். அதைக் கண்ட மோட்டார் வியாபாரிகளும் சங்கங்களும் என்ன செய்தார்கள்? தெருவைக் குறுக்கே கடப்பவனைக் கேலி செய்ய, பட்டிக்காட்டான் என்று பொருள்படும் ஒரு வசைச்சொல் அங்கே இருந்தது. அதைப் பத்திரிகைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் பரப்பினார்கள். பிறகு சட்டத்தின் மூலமே நடப்பவனைக் குற்றவாளியாக்கினார்கள். பல ஆயிரம் வருஷங்களாக மனிதன் நடந்த தெருவில், நேற்று வந்த மோட்டார் சொந்தக்காரனாகிவிட்டது. மனிதன் அத்துமீறி நுழைந்தவனாகிவிட்டான். உழைக்கிறவனைச் சூத்திரன் என்ற ஒரு சொல்லால் அடிமைப்படுத்தினார்களே, அந்த வித்தைக்கும் இதற்கும் ஏதாவது பேதமிருக்கிறதா?

இந்தப் பக்கத்துப் புராணமும் ரோடும்

நீங்கள் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். அந்த ஊரைப் பற்றிய புராணக் கதை உங்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். காரைக்கால் அம்மையார் என்பவர் அந்த மண்ணில் காலை வைக்கக் கூடாதென்று தலையாலேயே நடந்தாராம். பின்னால் வந்த திருஞானசம்பந்தர், அம்மையார் தலையால் நடந்த ஊரைக் காலால் மிதிக்க அஞ்சி ஊருக்கு வெளியிலேயே தங்கிவிட்டாராம். மனிதன் தலையால் நடக்க முடியுமா என்று நாம் கேட்டால் நாஸ்திகம் என்பார்கள். போகட்டும். அந்தக் கதையை எழுதியவர்கள்கூட மனிதனுக்கு ஒரு கால் இருக்கிறது, அது எங்கேயாவது ஊன்றியாக வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டுதான் எழுதினார்கள். இன்றைய ரோட்டுப் பிளான் போடுகிறவர்கள் மனிதனுக்குக் கால் என்று ஒன்று இருப்பதாகவே நினைப்பதாகத் தெரியவில்லை. நான்கு சக்கரம் உள்ளவனுக்கு இத்தனை மீட்டர், பஸ்ஸுக்கு இத்தனை மீட்டர், லாரிக்கு இத்தனை மீட்டர் என்று கணக்கெழுதுகிறார்கள். இரண்டு கால் உள்ளவனுக்கு எத்தனை என்று கேட்டால், மிச்சமிருந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். நாமும் காரைக்கால் அம்மையாரைப்போல் தலையால் நடக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான் போலிருக்கிறது!

இன்னொன்றும் கவனியுங்கள். நம் நாட்டில் எந்தப் பழைய ஊரிலும் அகலமான தெரு எது? தேர் ஓடும் தெரு. வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு கற்சிலையோ, செப்புச்சிலையோ உலாப் போவதற்கு நாற்புறமும் நல்ல வீதி விட்டார்கள். அந்த ஒரு நாளைக்கு மேடுபள்ளம் நிரவுவார்கள், குறுக்கே தொங்கும் கம்பியை அவிழ்ப்பார்கள், கடையை ஒதுக்குவார்கள், போலீஸ்காரர் வந்து நின்று வண்டிகளையெல்லாம் வேறு வழியாகத் திருப்பிவிடுவார். காலே இல்லாத சாமிக்கு வழிவிட இவ்வளவு ஏற்பாடு! வருஷம் பூராவும் தினந்தோறும் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற குழந்தைக்கு என்ன ஏற்பாடு? திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துக்கொண்டு நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறீர்கள், வழிவிடுகிறீர்கள். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை, அவர்களும் மனிதர்கள்தான். ஆனால் பக்திக்காக நடப்பவனுக்கு ஒரு நாள் கிடைக்கிற மரியாதை, பிழைப்புக்காக நடப்பவனுக்கு 365 நாளும் ஏன் கிடைக்கக்கூடாது என்றுதான் கேட்கிறோம்.

இந்த மணவூர் சாமானியமான ஊரல்ல. தென்னிந்தியாவில் முதல் முதலாக 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓடிற்றே, அந்தப் பாதை இந்தப் பக்கமாகத்தான் போகிறது. 170 வருஷமாக ரயில் போகிற பாதையில் நீங்கள் குடியிருக்கிறீர்கள். விடியற்காலையில் எழுந்து, ஸ்டேஷனுக்கு நடந்தும் சைக்கிள் மிதித்தும் வந்து, ரயிலேறிச் சென்னைக்குப் போய் வேலை செய்து இருட்டிய பிறகு திரும்புகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். ரயில் மணிக்கு எத்தனை மைல் போகிறது என்று சர்க்காரில் கணக்கிருக்கிறது. நீங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் எந்த இருட்டில், எந்தச் சேற்றில், எந்தக் கரும்பு டிராக்டருக்கு ஒதுங்கி வருகிறீர்கள் என்பதற்குக் கணக்கிருக்கிறதா? 2021-ம் வருஷம் மே மாதம் முதல் டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல காரியம்தான். ஆனால் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் அந்தப் பெண் உயிரோடு வந்து சேர வேண்டுமே!

விதியா? வேகமா?

சரி, செத்துப்போகிறவர்களுக்காவது கணக்கிருக்கிறதா என்றால் இருக்கிறது. மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கின்படி 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் ரோட்டில் செத்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நடந்து போனவர்கள் மாத்திரம் 32,825 பேர். அதாவது நாள் ஒன்றுக்கு 90 பேர் வீதம், நடந்த குற்றத்துக்காகச் செத்திருக்கிறார்கள். அந்த வருஷத்தில் விபத்துகளின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலாவதாக நின்ற மாகாணம் நம் தமிழ்நாடு. மொத்தம் 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். ஒரு ஊரில் காலராவினால் தினம் 90 பேர் செத்தால் சர்க்கார் சும்மா இருக்குமா? கிணற்றுக்கு மருந்து போட மாட்டார்களா? ரோட்டில் செத்தால் மட்டும் ஏன் சும்மா இருக்கிறார்கள்?

ஏனென்றால் இந்த நாட்டில் அதற்கு ஒரு சுலபமான சமாதானம் இருக்கிறது. "விதி", "தலையெழுத்து", "நேரம் சரியில்லை", "சனி பிடித்திருக்கிறது." தோழர்களே, இந்த ஒரு சமாதானம் எத்தனை பேரைக் காப்பாற்றுகிறது தெரியுமா? விளக்குப் போடாத அதிகாரியைக் காப்பாற்றுகிறது, பள்ளத்தை மூடாத கான்ட்ராக்டரைக் காப்பாற்றுகிறது, குடித்துவிட்டு ஓட்டியவனைக் காப்பாற்றுகிறது. செத்தவனை மாத்திரம்தான் காப்பாற்றவில்லை! புது வண்டி வாங்கினவுடன் நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். அந்த எலுமிச்சம்பழம் பிரேக் பிடிக்குமா? ஆயுத பூஜையன்று திருஷ்டி கழிக்கிறோம் என்று நடு ரோட்டில் பூசணிக்காயைப் போட்டு உடைக்கிறார்கள். அந்தப் பூசணிக்காயில் வழுக்கிச் சைக்கிள்காரனும் மோட்டார் சைக்கிள்காரனும் விழுந்து மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வருஷா வருஷம் போலீசார், ரோட்டில் பூசணிக்காய் உடைக்காதீர்கள் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது. தன் வண்டிக்கு விபத்து வரக்கூடாதென்று அடுத்தவனுக்கு விபத்து உண்டாக்குகிறான். இதற்குப் பேர் பக்தி!

விதி என்பதை விட்டுவிட்டுக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மோட்டார் மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வந்தால், ஒரு வினாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. எதிரில் குழந்தையைக் கண்டு, மூளைக்கு எட்டி, கால் பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு வினாடி போய்விடுகிறது. அதற்குள்ளாகவே 16 மீட்டர் போயாயிற்று. 30 கிலோ மீட்டரில் வந்திருந்தால் 8 மீட்டர்தான். அன்றியும் வேகம் இரண்டு மடங்கானால் மோதுகிற சக்தி இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. அதனால்தான் 30-ல் மோதினால் பெரும்பாலும் பிழைக்கிற மனிதன், 60-ல் மோதினால் பெரும்பாலும் பிழைப்பதில்லை. இதில் சனி எங்கே வந்தது? கேது எங்கே வந்தது? பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள், சனி தானாக ஓடிப்போகும்.

அகலமாக்கினால் போதுமா?

இனி, ரோட்டை அகலமாக்குகிறோம் என்று வருகிறார்களே, அந்த விஷயத்துக்கு வருவோம். ரோடு அகலமானால் நல்லதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். யாருக்கு நல்லது என்று கேட்க வேண்டாமா? இரண்டு வரிசை ரோடு என்பது சுமார் 7 மீட்டர். ஒரு கிழவி வினாடிக்கு ஒரு மீட்டர் வீதம் நடந்து 7 வினாடியில் கடந்துவிடுவாள். அதையே ஆறு வரிசையாக்கினால் 21 மீட்டர். கடக்க 21 வினாடி. அந்த 21 வினாடியில், 60 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் 350 மீட்டர் ஓடி வந்துவிடும். அதாவது 350 மீட்டருக்கு அப்பால், கண்ணுக்கே சரியாகத் தெரியாத தூரத்தில் வருகிற வண்டியைக் கண்டுபிடித்து, அது எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று மனக்கணக்குப் போட்டு, பிறகுதான் அந்தக் கிழவி ரோட்டில் இறங்க வேண்டும். கண்ணில் புரை விழுந்த கிழவியால் ஆகிற காரியமா இது? அதனால் நடுவில் பாதுகாப்பாக நிற்க இடம், கடக்கிற இடத்தில் வெள்ளைக்கோடு, வண்டிகள் தாமாக வேகம் குறையும்படி சற்று உயர்த்திய மேடை, இரவில் விளக்கு ஆகிய இவையெல்லாம் இல்லாமல் அகலமாக்குவது என்பது, மோட்டார்காரனுக்கு ஐந்து நிமிஷம் மிச்சப்படுத்த நடப்பவனுடைய ஆயுசை எடுப்பதாகும்.

அன்றியும் அகலமாக்கும்போது முதலில் போவது எது? ஓரத்து மரம் போகிறது, அதாவது நடப்பவனுடைய நிழல் போகிறது. அடுத்தது மண் ஓரம் போகிறது, அதாவது சைக்கிள்காரனுடைய இடம் போகிறது. பிறகு ஊருக்கு நடுவில் ரோட்டை இரண்டாகப் பிரித்து நீளமாக ஒரு சுவர் வைக்கிறார்கள். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். கடந்து போக வேண்டுமானால் நெடுந்தூரம் போய்த் திரும்பி வர வேண்டும். மோட்டார்காரனுக்கு அது ஒரு நிமிஷம். தலையில் விறகுக் கட்டோ, இடுப்பில் பிள்ளையோ வைத்திருக்கிறவளுக்கு அது அரை மணி. அதனால் அவள் சுவரைத் தாண்டுகிறாள். தாண்டிச் செத்தால், "பொறுப்பில்லாமல் குறுக்கே போனாள்" என்று எழுதுகிறார்கள். வழியை அடைத்தவன் பொறுப்புள்ளவன், வழி தேடியவள் பொறுப்பில்லாதவள்! ரயில் பாதையில் கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை வெட்டுகிறார்கள். கேட்டில்லாத கடவையில் ரயில் மோதிச் சாவது ஒழிந்தது நல்லதுதான். ஆனால் மழை பெய்தால் அந்தச் சுரங்கம் குளமாகிவிடுகிற ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். லாரிக்காரன் சுற்றிக்கொண்டு போவான். சைக்கிளில் வருகிற பிள்ளை எங்கே போகும்?

இதைவிட மோசமான ஒரு சங்கதி உண்டு. ஊர்த் தெருவுக்குச் சிமெண்டு ரோடு வருகிறது. அது சேரிக்கு நூறு கெஜம் முன்னாலேயே நின்றுவிடுகிறது. பணம் தீர்ந்துவிட்டது என்கிறார்கள். எப்பொழுதும் அந்த இடத்தில்தானா பணம் தீர வேண்டும்? மனுதர்மம் புத்தகத்தில் மாத்திரம் இல்லை, எஸ்டிமேட்டிலும் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

சௌந்தரபாண்டியனார் அங்காடி

வேறு மாதிரியாகவும் தெருவை அமைக்க முடியும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. தியாகராய நகரில் பாண்டி பஜார் என்று ஒரு கடைத்தெரு உண்டு. அந்த ரோட்டின் பேர் சர் தியாகராயர் ரோடு. 1916-ல் நீதிக்கட்சியைத் தோற்றுவித்த தலைவர்களில் ஒருவரான சர் பி. தியாகராயர் பேரால் ஏற்பட்டது. அந்தக் கடைத்தெருவின் பேர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. 1929-ம் வருஷம் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாட்டுக்குத் தலைமை வகித்தாரே, அந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்களின் பேர். அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்சை ரத்து செய்வதாகச் சொல்லி, எல்லாரையும் பஸ்ஸில் ஏறவைத்தவர். அவர் பேருள்ள தெருவை 2019-ம் வருஷம் நவம்பர் மாதம், ஏறக்குறைய 40 கோடி ரூபாய் செலவில், நடப்பவர்களுக்கென்று அகலமான நடைபாதைகளாக்கித் திறந்தார்கள். மோட்டார்கள் போகிற இடத்தைச் சுருக்கி, மனிதர்கள் போகிற இடத்தைப் பெருக்கினார்கள். உட்கார இடம் வைத்தார்கள்.

இதற்கு ஆட்சேபணை கிளம்பாமல் இல்லை. கார் நிறுத்த இடம் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தார்கள். அந்தப் பயத்தை நாம் கேலி செய்ய வேண்டியதில்லை; முதல் போட்டவனுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் யோசித்துப் பார்த்தால், சாமான் வாங்குவது காரா, மனிதனா? காரில் போகிறவன் ஒரு கடைக்கு முன்னால் இறங்கி அந்தக் கடையோடு போய்விடுவான். நடந்து போகிறவன் பத்துக் கடையைப் பார்த்து நாலு கடையில் வாங்குவான். டென்மார்க் தேசத்தில் கோபன்ஹேகன் பட்டணத்தின் பெரிய கடைத்தெருவை 1962-ல் நடப்பவர்களுக்கென்று ஒதுக்கினபோதும் கடைக்காரர்கள் இதே பயத்தைத்தான் சொன்னார்கள். அந்தத் தெரு அறுபது வருஷத்துக்கு மேலாகக் கடைத்தெருவாகவே இருந்து வருகிறது.

ஆனால் பாண்டி பஜாரைப் பார்த்து நாம் அப்படியே மயங்கிவிடவும் வேண்டாம். நடைபாதை போட்டால் போதாது. அதன்மேல் மோட்டார் சைக்கிளை ஏற்றி ஓட்டுகிறவனையும் நிறுத்துகிறவனையும் கேட்க ஆள் வேண்டும். சென்னைக் கார்ப்பரேஷன் 2014-ம் வருஷத்திலேயே ஒரு கொள்கை எழுதிவைத்தது. போக்குவரத்துக்காகச் செலவிடும் பணத்தில் நூற்றுக்கு 60-க்குக் குறையாமல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் செலவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. எழுதியது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பணக்காரர்கள் பட்டுப்புடவை வாங்கப்போகிற ஒரு தெருவில் அழகான கல் பதித்துவிட்டு, கூலிக்காரன் நடக்கிற ஆயிரம் தெருவைச் சாக்கடையோடு விட்டுவிட்டால் அந்தக் கொள்கை நிறைவேறிவிட்டதாகுமா? நடைபாதை என்பது அலங்காரப் பொருளல்ல. சோற்றைப்போல், தண்ணீரைப்போல் எல்லாருக்கும் வேண்டியது.

இதில் தெருவோர வியாபாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நடைபாதை என்றவுடன் பூக்காரியையும் பழக்கடைக்காரனையும் அடித்து விரட்டுவதுதான் சீர்திருத்தம் என்று சிலர் நினைக்கிறார்கள். கூடை வைத்திருக்கிற கிழவி ஒரு முழ இடத்தை அடைத்தால் அது ஆக்கிரமிப்பு; ஒரு கார் பன்னிரண்டு முழ இடத்தை நாள் பூராவும் இலவசமாக அடைத்துக்கொண்டு நின்றால் அது நாகரிகமா? தெருவோர வியாபாரிகளுக்காக 2014-ல் மத்திய சர்க்கார் சட்டமே செய்திருக்கிறது. அவர்களையும் சேர்த்து வைத்து, இடம் குறித்துக் கொடுத்து, நடக்கவும் வழிவிட்டு அமைக்க வேண்டுமென்பதே நியாயம்.

பெண்களும் சைக்கிளும்

சைக்கிள் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு கேவலமான எண்ணம் இருக்கிறது. சைக்கிளில் போகிறவன் ஏழை, மோட்டாரில் போகிறவன் பெரிய மனிதன் என்பதே அது. ஏழையாயிருப்பது குற்றமா? 1991-ல் புதுக்கோட்டை ஜில்லாவில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலாராணி சுங்கத் என்ற அம்மையார் கலெக்டராயிருந்தார். எழுத்துக் கற்பதோடு சைக்கிளும் கற்க வேண்டுமென்று பெண்களை முடுக்கிவிட்டார்கள். கல் உடைக்கிற பெண்கள், வயலில் வேலை செய்கிற பெண்கள், நர்சுகள், உபாத்தியாயினிகள் எல்லாரும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். ஆண்கள் கேலி செய்தார்கள், கண்டபடி பேசினார்கள். ஆனால் அந்தப் பெண்கள் இறங்கவில்லை. ஏன் ஆண்களுக்கு ஆத்திரம் வந்தது? பெண் சைக்கிள் ஏறினால் பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. புருஷனையும் அண்ணனையும் அழைத்துப்போகச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை. அவள் நேரம் அவளுடையதாகிவிடுகிறது. ஒரு பெண்ணுக்குத் தன் நேரம் தன்னுடையதாவதைவிடப் பெரிய சுதந்திரம் எது?

2001-ல் ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவிகளுக்கென்று ஆரம்பித்து, பிறகு சர்க்கார் பள்ளிக்கூடங்களிலும் உதவி பெறும் பள்ளிக்கூடங்களிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் இலவசமாகச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் வந்தது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் லட்சக்கணக்கில் சைக்கிளைக் கொடுத்த சர்க்கார், அந்தச் சைக்கிள் போவதற்கு ஒரு முழ வழி கொடுத்ததா? செருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு முள்ளின்மேல் நடக்கச் சொல்லுவதைப்போலல்லவா இருக்கிறது? லாரிக்குப் பயந்து எத்தனை தகப்பன்மார்கள் அந்தச் சைக்கிளை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு, "நீ படித்தது போதும்" என்று பெண்ணையும் வீட்டில் பூட்டி வைக்கிறார்கள் என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நடக்காத காரியமா இது? ஆலந்து தேசத்தைப் பாருங்கள். இன்று உலகத்திலேயே சைக்கிளுக்குப் பேர்போன தேசம் அது. பிறவியிலேயே அப்படியிருந்ததாக எண்ணாதீர்கள். அங்கேயும் மோட்டார் பெருகி, 1971-ம் வருஷத்தில் சுமார் 3,300 பேர் ரோட்டில் செத்தார்கள்; அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். அந்த ஜனங்கள் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்கவில்லை. "குழந்தைக் கொலையை நிறுத்து" என்ற பேரிலேயே இயக்கம் நடத்தினார்கள். தாய்மார்கள் பிள்ளைகளோடு தெருவில் வந்து உட்கார்ந்தார்கள். சர்க்கார் பணிந்தது, சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டது, குடியிருக்கும் தெருக்களில் வேகத்தைக் குறைத்தது. அது எந்தக் கடவுளும் கொடுத்த வரமல்ல. அவர்கள் கேட்டு வாங்கினது.

வழியை அடைக்கும் சாமியும் கட்சியும்

இனி, வழியை அடைக்கிறவர்கள் சர்க்காரும் மோட்டாரும் மாத்திரம்தானா? அல்ல. ராத்திரியோடு ராத்திரியாக ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, விடிந்தவுடன் உண்டியலும் வைத்துவிடுகிறார்களே, அந்தத் தெருமுனைச் சாமியும் நடைபாதையை அடைக்கிறது. எங்கும் நிறைந்தவன் என்று சொல்லப்படுகிற கடவுளுக்கு நடைபாதையைத் தவிர வேறு இடம் கிடைக்கவில்லையா? பொதுத் தெருவில் இம்மாதிரிப் புதிதாகக் கோயிலோ மசூதியோ சர்ச்சோ கட்ட அனுமதிக்கக்கூடாதென்று சுப்ரீம் கோர்ட் 2009-ல் உத்தரவு போட்டது. 2013-ல் பொது ரோட்டில் சிலைகளும் வைக்கக்கூடாதென்று சொல்லிற்று.

இதைக் கேட்டு நம் தோழர்கள் கை தட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கட்சிக்காரர்களுடைய கொடிக்கம்பமும், கல்யாண பேனரும், வரவேற்பு வளைவும் அதே நடைபாதையைத்தான் அடைக்கின்றன. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், ஒரு கல்யாணத்துக்காக ரோட்டு நடுவில் கட்டியிருந்த பேனர் விழுந்து, வேலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த 23 வயதுப் பெண் லாரியில் அடிபட்டுச் செத்தாள். சாமி அடைத்தால் மூடநம்பிக்கை, நாம் அடைத்தால் கொள்கை என்று சொல்லுவது பகுத்தறிவாகாது. கறுப்புக் கொடியானாலும் காவிக் கொடியானாலும், கம்பத்தில் முட்டிக்கொள்கிற குருடனுக்கு எல்லாக் கம்பமும் ஒன்றுதான். ஆகவே நமது கூட்டத்துக்குப் பந்தல் போட்டாலும் நடப்பவனுக்கு வழிவிட்டுத்தான் போட வேண்டும். இதை நம் தோழர்கள் எல்லா ஊர்களிலும் ஒரு கட்டுப்பாடாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

சரி, என்ன செய்வது? கேட்பதற்கு இப்பொழுது நம் கையில் ஆயுதம் இல்லாமல் இல்லை. கோயமுத்தூர் டாக்டர் எஸ். ராஜசேகரன் அவர்கள் ரோட்டு விபத்துகளைப் பற்றிப் போட்ட வழக்கில், 2025-ம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி சுப்ரீம் கோர்ட் சொன்னது என்ன? தடையில்லாத நடைபாதையில் நடக்கும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு கொடுக்கிற உயிர்வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று சொல்லியிருக்கிறது. ஊனமுற்றவர்களும் உபயோகிக்கும்படியாக அது இருக்க வேண்டுமென்றும் சொல்லியிருக்கிறது. 1924-ல் சட்டசபையில் கேட்டது, 2025-ல் வேறொரு வடிவத்தில் கோர்ட்டில் கிடைத்திருக்கிறது. ஆனால் கோர்ட் தீர்ப்பு தானாக நடந்து வந்து மணவூரில் நடைபாதை போடாது. நாம்தான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

இந்திய ரோடு காங்கிரஸ் என்று ஒரு சபை இருக்கிறது. பேரைக் கேட்டு அரசியல் கட்சி என்று பயந்துவிடாதீர்கள். இது ரோட்டு இஞ்சினியர்களுக்காக 1934-ல் ஏற்பட்ட சபை. அந்தச் சபை 2012-ல் வெளியிட்ட விதியின்படி, நடைபாதை என்றால் மரம், கம்பம், பெட்டி எதுவும் குறுக்கே இல்லாமல் குறைந்தபட்சம் 1.8 மீட்டர் அகலம் நடக்க இருக்க வேண்டும். உயரம் 150 மில்லி மீட்டருக்கு மேல் போகக்கூடாது. போனால் கிழவர்கள் ஏற முடியாது. இது நாத்திகன் எழுதினதல்ல, நாம் கற்பனை செய்ததுமல்ல. இஞ்சினியர்களே எழுதிக்கொண்டது. ஆகவே நாளை உங்கள் ஊர் ரோட்டை மாற்றப் போகிறோம் என்று அளவுக்கல் நட வருகிறவர்களிடம் தைரியமாகக் கேளுங்கள். "அய்யா, பிளானைக் காட்டுங்கள். நடப்பவனுக்கு 1.8 மீட்டர் எங்கே? சைக்கிளுக்கு இடம் எங்கே? பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கடக்கும் வழி எங்கே? விளக்கு எங்கே? சேரி வரைக்கும் போகிறதா, நடுவில் நிற்கிறதா?" இந்த ஐந்து கேள்வி போதும்.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. கிராமசபை வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. ஜனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஆறு நாளும் நீங்கள் வீட்டில் படுத்துக்கொண்டு, ஆறு சஷ்டிக்கு மாத்திரம் விரதமிருந்தால் ரோட்டில் விளக்கு எரியாது. பெண்கள் அவசியம் போக வேண்டும். ஏனென்றால் அதிகமாக நடக்கிறவர்கள் அவர்கள்தான். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். எந்த இடத்தில் பயமாயிருக்கிறது, எந்தத் திருப்பத்தில் லாரி உரசுகிறது என்பது இஞ்சினியரைவிடச் சைக்கிள் மிதிக்கிற பதினாறு வயதுப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். அவளை நிற்கவைத்துப் பேசச் சொல்லுங்கள். சொல்லுவதைத் தீர்மானமாக எழுதச் செய்து, கையெழுத்து வாங்கி, நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதைக் காற்று அடித்துக்கொண்டு போகும். எழுதினதை அடுத்த வருஷமும் எடுத்துக் கேட்கலாம்.

சிலர், "ரோடு வளர்ந்தால்தான் ஊர் வளரும், நீங்கள் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கிறீர்கள்" என்பார்கள். நாம் மோட்டாருக்கு விரோதிகளல்ல. இயந்திரம் மனிதனுடைய அறிவால் ஏற்பட்டது. அதை நாம் எப்பொழுதும் வரவேற்றே வந்திருக்கிறோம். ஆஸ்பத்திரி வண்டியும் பஸ்ஸும் வேண்டாமென்று எந்த மடையனும் சொல்ல மாட்டான். ஆனால் மனிதனுக்காக இயந்திரமா, இயந்திரத்துக்காக மனிதனா என்பதுதான் கேள்வி. ஒரு ஊர் முன்னேறியதா என்பதைக் கண்டுபிடிக்க, அந்த ஊரில் எத்தனை கார் இருக்கிறது என்று எண்ண வேண்டாம். எட்டு வயதுக் குழந்தை யாருடைய கையையும் பிடிக்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் திரும்பி வருகிறதா, குருடன் கோலை ஊன்றிக்கொண்டு கடைக்குப் போய் வருகிறானா என்று பாருங்கள். வருகிறார்களானால் அது நாகரிக ஊர். இல்லையானால் எத்தனை கோபுரம் இருந்தாலும், எத்தனை மேம்பாலம் இருந்தாலும் அது காட்டுமிராண்டி ஊர்தான்.

தோழர்களே! நாம் இவ்வளவு நேரம் சொன்னதை நாம் சொன்னதற்காக நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போகும்போது உங்கள் காலுக்குக் கீழே பாருங்கள். உங்கள் பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அது போகிற வழியைப் பாருங்கள். பார்த்த பிறகு உங்கள் அறிவுக்கு எது சரியென்று படுகிறதோ, அதைக் கிராமசபையில் எழுந்து நின்று சொல்லுங்கள். அவ்வளவுதான் நாம் உங்களைக் கேட்டுக்கொள்வது.